தாய்லாந்து ட்ரிப்: எந்த பழக்கத்துக்கு வளையணும், எதுக்கு வளைய வேணாம்

சென்னைலேந்து பேங்காக் சுமார் மூணரை மணி நேரம் தான். ட்ரெயின் புடிச்சு மதுரை போற நேரத்துக்குள்ள வேற நாட்டுல இறங்கிடலாம், அதனாலயோ என்னவோ நம்மாளுங்க நிறைய பேரு அத வேற நாடுன்னே மனசுல வாங்கறதில்ல. "காசு குடுத்துட்டு தானே போறோம், அவன் ஊரு வழக்கத்துக்கெல்லாம் நாம எதுக்கு அடங்கணும்"னு ஒரு கோஷ்டி. இதுக்கு நேர் எதிரா இன்னொரு கோஷ்டி இருக்கு, ஏர்போர்ட்லேந்து வெளிய வந்ததும் யானை படம் போட்ட பேண்ட் மாட்டிக்கிட்டு, எதிர்ல வர்ற கார் பார்க்கிங் பையன்லேந்து செவன் இலெவன்ங்கற சங்கிலிக் கடை கேஷியர் வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டு, நாலு நாள்ல தாய்லாந்துக்காரங்களாவே மாறிடலாம்னு நினைக்கறவங்க. எனக்கு ரெண்டுமே ஒத்து வராது.

நான் வீட்டு ஆளுங்களயும் ஃப்ரெண்ட்ஸ் குடும்பங்களயும் அப்பப்போ கூட்டிட்டு போறவ. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் நான் சொல்றது ஒரே ஒரு கேள்வி தான். "நான் இத செய்யலன்னா அங்க இருக்கற யாராவது ஒருத்தருக்கு மனசு வலிக்குமா, இல்ல அவங்க பொழப்புக்கு சிக்கல் வருமா?" ஆமான்னா வாதம் பண்ணாம செஞ்சுடு. இல்லன்னா ஓரமா நின்னு பாரு, போதும், வேஷம் கட்ட தேவையில்ல. கீழ இருக்கற எல்லாமே இந்த கேள்விக்கு பதில் தான், வரிசையா படிச்சாலும் சரி, வேணுங்கறத மட்டும் படிச்சாலும் சரி.

சட்டத்துல வர்றது

இதுல செய்யலாமா வேணாமாங்கற பேச்சுக்கே எடமில்ல. மொதல்ல ராஜா. அவங்க கிரிமினல் சட்டத்துல 112ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ராஜாவயோ ராணியயோ பட்டத்து இளவரசரயோ அவமதிச்சா ஒவ்வொரு குத்தத்துக்கும் 3லேந்து 15 வருஷம் ஜெயில். வெளிநாட்டுக்காரன்னு தள்ளுபடி கிடையாது. 2007ல ஒரு சுவிட்சர்லாந்துக்காரருக்கு, குடிச்சுட்டு ராஜா படங்கள் மேல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சதுக்கு, 10 வருஷம் தீர்ப்பாச்சு, அப்புறம் ராஜாவே மன்னிச்சு நாட்ட விட்டு அனுப்புனாங்க. அந்த சட்டம் நியாயமான்னு அந்த ஊரு காலேஜ் பசங்களே 2020ல ரோட்டுக்கு வந்து கேட்டாங்க, அது அவங்க சண்டை. நீங்க பண்ணக்கூடாதது என்னன்னா டாக்ஸில போகும்போது பொழுதுபோகாம "உங்க ராஜா எப்படி"ன்னு டிரைவர நோண்டறது. உங்களுக்கு அது சும்மா அரட்டை, அவரு அதுக்கு என்ன பதில் சொன்னாலும் அவருக்கு தான் பயம். ஃபேஸ்புக்ல ஜோக் போடறதும் சேத்தி தான், ஹோட்டல் ரூம்ல உக்காந்து போட்டாலும் நீங்க இருக்கறது அவங்க மண்ணு.

அவங்க ரூபா நோட்டு, பாட்னு சொல்வாங்க, அதுலயும் ராஜா படம் இருக்கு. கீழ விழுந்து காத்துல பறந்தா நம்ம ஊர்ல டக்குனு செருப்பு கால வெச்சு அமுக்குவோமே, அத அங்க பண்ணாதீங்க, ஓடிப்போய் குனிஞ்சு எடுங்க.

அப்புறம் சீட்டுக்கட்டு, இது யாருமே சொல்றதில்ல. அங்க 1935லேந்து ஒரு சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம 120 சீட்டுக்கு மேல கைல வெச்சிருந்தா குத்தம். 2016ல பட்டயால பிரிட்ஜ்னு ஒரு சீட்டாட்ட கிளப்ல ஆடிட்டிருந்த வெளிநாட்டு ஆளுங்க 32 பேர, பெரும்பாலும் தாத்தா பாட்டிங்க, போலீஸ் புடிச்சுட்டு போச்சு, நாங்க காசே வெச்சு ஆடலன்னு அவங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. நம்ம ரம்மி கணக்குல பாருங்க, ரெண்டு கட்டுன்னா ஜோக்கரோட 108 தான், தப்பிச்சீங்க, ஆள் அதிகம்னு மூணாவது கட்ட பிரிச்சா போச்சு. காசு வெச்சு ஆடுனா அது தனி கேஸ். மாமாங்க கூட்டமா போற ட்ரிப்னா பேக்லேந்து மூணாவது கட்ட வீட்டுலயே எடுத்து வெச்சுடுங்க.

வேப், அதான் இ-சிகரெட், அந்த நாட்டுக்குள்ள கொண்டு போறதே தடை. ரோட்டோரமா விக்கறாங்களேன்னு கேக்காதீங்க, விக்கறாங்க, புடிக்கவும் புடிக்கறாங்க. புத்தர் சிலை வாங்கி ஊருக்கு எடுத்துட்டு வர்றதுக்கு அவங்க நுண்கலைத் துறை லைசென்ஸ் வேணும், கழுத்துல போடற சின்ன தாயத்து வேற விஷயம். பேங்காக்ல ஏர்போர்ட் ரோட்டுலயே பெருசா போர்டு வெச்சிருக்காங்க, புத்தர் அலங்காரப் பொருள் இல்லன்னு. ஹால்ல ஷோகேஸ்ல வெக்கறதுக்கு ஒரு புத்தர் தலை வேணும்னா அவங்களுக்கு அது நிஜமாவே வலிக்கற விஷயம், நம்ம பிள்ளையார் தலைய மட்டும் தனியா வெட்டி டேபிள்ல வெச்சா நமக்கு எப்படி இருக்கும்.

எட்டு மணி, ஆறு மணி

காலைல 8 மணிக்கும் சாயந்தரம் 6 மணிக்கும் பொது இடத்துல தேசிய கீதம் போடுவாங்க, ஸ்கைட்ரெயின் (பாலத்து மேல ஓடற மெட்ரோ) ஸ்டேஷன், பார்க், ரயில்வே ஸ்டேஷன், எங்க இருந்தாலும். இத பாக்கணும்னா பேங்காக் லும்பினி பார்க்குக்கு சாயந்தரம் அஞ்சே முக்காலுக்கு போங்க. ஓடறவங்க ஒரு பக்கம், நடக்கற ஆன்ட்டிங்க ஒரு பக்கம், குளத்து ஓரமா பெரிய பெரிய உடும்புங்க ஊந்துட்டு கிடக்கும், இன்னொரு பக்கம் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு கூட்டமா ஏரோபிக்ஸ். ஆறு அடிச்சதும் ஸ்பீக்கர்ல கீதம் வரும், ஓடிட்டிருந்தவன் ஓடுன இடத்துலயே நிப்பான், மூச்சு வாங்குது, நெஞ்சு ஏறி இறங்குது, ஆனா கால் நகராது. ஹெட்ஃபோன் போட்டுட்டு கவனிக்காம ஓடி வந்தவன் நிக்கறவங்கள பாத்து சடார்னு நின்னு ஹெட்ஃபோன கழட்டுவான். ஒரு நிமிஷம் போல தான். முடிஞ்சதும் யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி எல்லாரும் ஒரே சமயத்துல மறுபடி ஓட ஆரம்பிப்பாங்க.

நீங்க என்ன பண்ணணும்? நின்னா போதும். நெஞ்சுல கைய வெக்க வேணாம், கூட பாட வேணாம், முக்கியமா அந்த நிமிஷத்துல ஃபோன தூக்கி வீடியோ எடுத்துட்டு சுத்தாதீங்க. தியேட்டர்ல படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ராஜா கீதம் வரும், இப்பல்லாம் இளசுங்க நிறைய பேரு எழுந்திருக்கறதில்ல. அவங்க உக்காந்திருக்காங்கன்னு நீங்களும் உக்காராதீங்க. அவங்க உக்காரறதுக்கு அவங்க நாட்டு அரசியல்ல ஒரு அர்த்தம் இருக்கு, உங்களுக்கு அது வெறும் சோம்பேறித்தனம்.

கோயிலுக்குள்ள

கிராண்ட் பேலஸ், அதான் பேங்காக் அரண்மனை, மரகத புத்தர் கோயில் அதுக்குள்ள தான், அங்க டிரஸ் விஷயத்துல செக்யூரிட்டி ரொம்ப கறார். ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ், கிழிஞ்ச மாதிரி டிசைன் ஜீன்ஸ் எதுவும் ஆகாது. நம்ம பொம்பளைங்களுக்கு சுடிதாரோ புடவையோ இருந்தா பிரச்சினையே இல்ல, மாட்டறது எப்பவும் முக்கா பேண்ட் போட்ட ஆம்பளைங்க தான், வெளிய கடைல லுங்கி மாதிரி ஒண்ணு வாங்கி சுத்திக்கிட்டு உள்ள வருவாங்க, போட்டோல அது தான் காலத்துக்கும் இருக்கும். டிக்கெட் வெளிநாட்டுக்காரங்களுக்கு 500 பாட். காலைல எட்டரைலேந்து மூணரை வரைக்கும் திறந்திருக்கும், அதனால கேட்டுக்கு நூறடி முன்னாடி டீசண்டா டிரஸ் பண்ணின ஒருத்தர் சிரிச்ச முகத்தோட வந்து "இன்னிக்கு பூஜை, மூடிட்டாங்க, வாங்க டுக்டுக்ல வேற கோயில் காட்டறேன்"ன்னா அத அந்த ஊரு சம்பிரதாயம்னு நம்பி ஏறிடாதீங்க. வண்டி கடைசில நிக்கறது நகைக்கடை வாசல்ல. கேட் வரைக்கும் நடந்து போய் நீங்களே பாத்துக்கோங்க.

உள்ள மரகத புத்தர் சன்னதில போட்டோ கிடையாது, தொப்பி கிடையாது. சிலை சின்னது தான், ரெண்டடி சொச்சம், வருஷத்துல மூணு தடவ, வெயில் மழை குளிர்னு சீசனுக்கு ஒண்ணா தங்க வஸ்திரம் மாத்துவாங்க, ராஜா கையால. உக்காரும்போது ரெண்டு காலயும் ஒரு பக்கமா மடக்கி பாதம் பின்னாடி பாக்கற மாதிரி வெச்சுக்கணும். முட்டி வலின்னு கால நீட்டற பெரியவங்கள உக்கார வெக்காதீங்க, கடைசில ஓரமா நிக்க வெச்சு சீக்கிரம் வெளிய கூட்டிட்டு வந்துடுங்க. வாசப்படிய மிதிக்காம தாண்டறது, செருப்ப வெளிய விடறது எல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. வீடு, மசாஜ் கடை, சில சின்ன கிளினிக் எல்லாத்துலயும் இதே தான், வாசல்ல செருப்பு வரிசை இருக்கான்னு பாத்துக்கோங்க.

பிக்குங்க விஷயம் தான் நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பொம்பளைங்க அவங்கள தொடக்கூடாது, கைல நேரா எதயும் குடுக்கவும் கூடாது. ஏதாவது குடுக்கணும்னா அவரு முன்னாடி ஒரு துணிய விரிச்சு ஒரு ஓரத்த புடிச்சுக்குவாரு, நீங்க மறு ஓரத்துல அந்த பொருள வெக்கணும், அப்புறம் அவரு எடுத்துக்குவாரு. எனக்கு அந்த விதி சுத்தமா பிடிக்காது, அத ஒளிக்க மாட்டேன். ஆனா அத அங்க போய் உடைச்சு நான் என்னத்த நிரூபிக்க போறேன், தெரியாம தொட்டாலும் அதுக்கு அப்புறம் சங்கடப்படப் போறது அந்த விதிய எழுதினவரு இல்ல, இருபது வயசுல மூணு மாசத்துக்கு காவி கட்டிட்டு வந்த ஒரு பையன். அதனால ஸ்கைட்ரெயின்ல, பஸ்ல அவங்க பக்கத்துல உக்காராம வேற சீட்ல உக்காந்துக்கறேன். அவ்வளவு தான், மனசுல இருக்கற கருத்து மனசுலயே இருக்கு.

விடியக்காலைல பிச்சா பாத்திரத்தோட வரிசையா வருவாங்க பாருங்க, அத பாக்க அழகு தான். போட்டோ எடுக்கணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. முன்னாடி ஓடி வந்து மண்டி போட்டு எடுக்கறது, செல்ஃபிக்காக வரிசைக்கு நடுவுல பூந்து நிக்கறதுலாம் வேணாம். சோறு போட்டே ஆகணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, நம்பிக்க இருந்தா போடுங்க.

"இதெல்லாம் நம்மளது தான்" வியாதி

இது தமிழங்களுக்குன்னே ஸ்பெஷலா வர்ற பிரச்சினை, அதனால தனியா எழுதறேன். பேங்காக் நடுவுல ராட்சப்ரசோங் சிக்னல்ல எரவான் கோயில் இருக்கு, 1956ல வெச்சது, உள்ள இருக்கறது நாலு முக பிரம்மா. நம்ம ஊர்ல பிரம்மாவுக்கு கோயில் தேடி அலையணும், அங்க மால் வாசல்ல ட்ராஃபிக் நடுவுல உக்காந்து வரம் குடுத்துட்டிருக்காரு. வேண்டுதல் பலிச்சவங்க காசு கட்டி டான்ஸ் ஆட வெப்பாங்க. சிலோம் ரோட்டு பக்கம் மாரியம்மன் கோயில், பத்தொம்பதாம் நூற்றாண்டுல அங்க போன தமிழங்க கட்டினது, கோபுரம் பாத்ததும் நமக்கு கண்ணு கலங்கும், உள்ள போனா கும்பிடறவங்கள்ல பாதிக்கு மேல தாய் முகம். இன்னும் சொல்லணும்னா அவங்க அரண்மனை பிராமணர்கள் மார்கழி, தை பக்கம் நடத்தற ஒரு சடங்குல நம்ம திருவெம்பாவ பாட்டு தமிழ்லயே இருக்கு, உச்சரிப்பு உருண்டு போயிருக்கும். அந்த சடங்குக்காக 1784ல ஒரு ராட்சச ஊஞ்சல் நட்டாங்க, அதோட சிவப்பு கம்பம், மரம் மாத்தி புதுசா வெச்சது, பழைய பேங்காக்ல இன்னிக்கும் நிக்குது, ஊஞ்சல் ஆடறத மட்டும் 1935ல நிறுத்திட்டாங்க.

பெருமை தான், யாரு இல்லன்னா. ஆனா அந்த பெருமைல போய் "நீங்க சுத்தறது தப்பு, இப்படி சுத்துங்க, தேங்காய அங்க வெக்காதீங்க"ன்னு பாடம் எடுக்க ஆரம்பிக்கறாங்க பாருங்க, அங்க தான் எனக்கு தல சுத்தும். மாரியம்மனுக்கு அவங்க ஒரு தட்டுல சாமந்தி மாலை, வாழப்பழம், பாலெல்லாம் அடுக்கி மண்டி போட்டு கும்பிடறாங்க, அம்மனே வாங்கிக்கறா, நமக்கென்ன. உங்க முறைல நீங்க கும்பிடுங்க, அவங்க முறைல அவங்க. அந்த கோயிலுக்குள்ளயும் போட்டோ எடுக்க விடமாட்டாங்க, "நாங்க தமிழ்நாட்டுலேந்து வர்றோம்"னு சொன்னாலும் விடமாட்டாங்க.

தலை, கால், கை

தலை உசத்தி, கால் தாழ்வு, இத புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் முடிஞ்சுது. நமக்கு கால் பக்கம் ஏற்கனவே தெரியும். கால நீட்டி எதயும் காட்டாதீங்க, எதிர் சீட்ல கால தூக்கி போடாதீங்க, தெரியாம மேல பட்டா கைய கூப்புங்க. நமக்கு வராதது தலை விஷயம். அழகா ஒரு குழந்தைய பாத்தா நம்ம கை தானா போய் தலைய தடவும், கன்னத்த கிள்ளும். அங்க தலைல கை வெக்காதீங்க, குழந்தையா இருந்தாலும். சிரிச்சு கைய ஆட்டுங்க, அதுவும் ஆட்டும்.

கும்புடு, அவங்க வை-ன்னு சொல்றது, நம்ம வணக்கம் மாதிரியே இருக்கறதால தான் நாம தப்பா அள்ளி விடறோம். சின்னவங்க பெரியவங்களுக்கு மொதல்ல போடணும், அவங்க திருப்பி போடுவாங்க, எவ்வளவு பெரியவங்களோ கை அவ்வளவு மேல போகும். ஹோட்டல் வாசல்ல நிக்கற பையன் உங்களுக்கு போட்டா லேசா தலைய ஆட்டி சிரிச்சா போதும், குழந்தைக்கு நீங்க மொதல்ல போட வேணாம். யாராவது வயசானவங்க வீட்டுக்கு போனீங்கன்னா அங்க மறக்காம போடுங்க. கும்பிடறதுல ஒரு சின்ன தப்பு பண்ணா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, நான் மேல சொன்ன கேள்விய போட்டுப் பாருங்க, இதுல யாருக்கும் வலிக்கல.

குரல்

என் கணக்குல நம்மாளுங்க இங்க தான் ரொம்ப கோட்டை விடறாங்க. ரிசப்ஷன்ல ரூம் இன்னும் ரெடியாகலன்னு அந்த பொண்ணு சொல்லுது. நம்ம அண்ணன் குரல ஏத்தறாரு. அந்த பொண்ணு சிரிக்குது. சிரிக்கறத பாத்து அண்ணனுக்கு இன்னும் ஏறுது, டேபிள தட்டறாரு, அந்த பொண்ணு இன்னும் சிரிக்குது, ஆனா இப்போ கண்ணு கீழ பாக்குது, கம்ப்யூட்டர்ல எதயோ தட்டற மாதிரி தட்டுது, வேலை ஒரு இன்ச் நகரல. அந்த சிரிப்பு கிண்டல் இல்ல, நாலு பேரு முன்னாடி மானம் போகுதேன்னு எப்படியாவது சமாளிக்கற சிரிப்பு. அங்க எல்லாரு முன்னாடியும் ஒருத்தர கத்துனா ரெண்டு பேரு மரியாதயும் போச்சுன்னு அர்த்தம். என் வழி, சோபால உக்காந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ போய் சிரிச்ச முகத்தோட "இப்போ எப்படி"ன்னு கேக்கறது. ஒத்த ரூம் கேட்டா ரெண்டாவது தடவலயே சாவி கைக்கு வந்துடும், கூட ஒரு தண்ணி பாட்டிலும்.

பேரம் பேசறதும் அதே மாதிரி சிரிச்சுட்டே தான், மார்க்கெட்ல பேசலாம், மால்லயும் செவன் இலெவன்லயும் பேசக்கூடாது. வெலைய கேட்டு, கொறைச்சு, அவங்களும் ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் வேணாம்னு நகர்றது ரொம்ப அசிங்கம். ஸ்கைட்ரெயின்ல தரைல கோடு போட்டிருக்கும், ரெண்டு ஓரமா நின்னு இறங்கறவங்கள விட்டு ஏறணும். உள்ள சாப்பிடறது, குடிக்கறது தடை, ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு ஊருக்கு வீடியோ கால் பேசறதுக்கு போர்டு ஒண்ணும் வேணாம், சுத்தி இருக்கறவங்க மூஞ்சிய பாத்தாலே தெரியும்.

சாப்பாடு

இதுல வளைய வேண்டியது கம்மி. வேணாம்னா வேணாம்னு சொல்றது எந்த ஊர்லயும் தப்பில்ல. சைவக்காரங்களுக்கு அங்க பெரிய தொல்ல மீன் சாஸும், இறால அரைச்ச விழுதும் தான், வெறும் காய் பொரியல்லயே ஊத்திடுவாங்க, "நோ மீட்"னு சொன்னா கறிய மட்டும் எடுத்துட்டு சாஸ ஊத்தி குடுப்பாங்க, அவங்க கணக்குல அது சைவம். அதனால "ஜே"ன்னு கேளுங்க. மஞ்சள் கொடில சிவப்பு எழுத்து போட்டு தொங்க விட்டிருந்தா அது ஜே கடை, மீன் சாஸும் இல்ல, முட்ட பால் எதுவும் இல்ல, பூண்டு வெங்காயம் கூட இல்ல, நம்ம ஊரு மடி ஆசார மாமிங்களுக்கு கூட ஓகே. புரட்டாசி ஐப்பசி வாக்குல ஒம்பது நாள் ஜே விழா வரும், அப்போ போனீங்கன்னா ஊரெல்லாம் மஞ்சக் கொடி தான்.

ஸ்பூன் வலது கைல, ஃபோர்க் இடது கைல, ஃபோர்க்கால தள்ளி ஸ்பூன்ல வாங்கி சாப்பிடணும், ஃபோர்க் வாய்க்குள்ள போகாது. சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு தான், சோத்துக்கு அத கேட்டு அவங்கள ஓட விடாதீங்க. கையால சாப்பிடணும்னு கை பரபரன்னா வடகிழக்கு பக்க சாப்பாடு விக்கற கடைக்கு போங்க, மூங்கில் கூடைல ஒட்டற சோறு வரும், அத எல்லாருமே கையால தான் உருட்டி சாப்பிடுவாங்க. டிப்ஸ் கட்டாயமில்ல, சில்லறைய விட்டுட்டு வந்தா சந்தோஷப்படுவாங்க. டுரியான்னு கும்முனு நாறற பழத்த ஹோட்டல் ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க, ஃபைன் போடுவாங்க. பஃபேல மலை மாதிரி அள்ளி பாதிய விட்டுட்டு போறத பத்தி நான் எழுதி தான் தெரியணுமா.

ஏப்ரல்ல போறவங்களுக்கு

சோங்க்ரான், ஏப்ரல் 13லேந்து 15 வரைக்கும், நம்ம சித்திரை ஒண்ணும் அப்போ தானே. ரோடெல்லாம் தண்ணி துப்பாக்கி, 2023ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் ஏறிடுச்சு. ஆடலாம், தாராளமா ஆடலாம், ஆனா பிக்குங்க, கைக்குழந்தை, வயசானவங்க, ஓடற பைக், இவங்க மேல அடிக்காதீங்க. "இது அவங்க ஊரு பழக்கம் தானே"ன்னு சொல்லிட்டு தெரியாத பொண்ணுங்க மூஞ்சில மாவ தடவறவங்க இருக்காங்க. அந்த பழக்கத்தோட மறுபக்கம் வீட்டுக்குள்ள நடக்கும், வாசன தண்ணிய பெரியவங்க உள்ளங்கைல மெதுவா ஊத்தி ஆசி வாங்கறது. துப்பாக்கிய தூக்கறதுக்கு முன்னாடி அதயும் ஒரு தடவ பாருங்க. விசாகா பூஜா மாதிரி பெரிய புத்த நாட்கள்ல கடைல சரக்கு விக்கமாட்டாங்க, ட்ரிப் தேதிய பாத்துக்கோங்க, அங்க போய் கடைக்காரர்கிட்ட சண்ட போடாதீங்க.

பட்டயா போற பசங்களுக்கு

கல்யாணத்துக்கு முன்னாடி பேச்சுலர் ட்ரிப்னு அங்க தான் போவீங்க, தெரியும். சட்டை இல்லாம பீச்ல இருங்க, பீச்ச தாண்டி கடைத்தெருவுக்கு வந்தா சட்டைய மாட்டுங்க. பொண்ணுங்கள கேக்காம வீடியோ எடுக்காதீங்க, அவங்க வேலை என்னவா இருந்தாலும். "இந்த ஊர்ல இதெல்லாம் சகஜம்"னு ஒரு டயலாக் சொல்வாங்க, அது சகஜம்னு சொல்றது அங்க வர்ற டூரிஸ்ட் தான், அந்த ஊரு அம்மா அப்பாவ கேட்டுப் பாருங்க. மசாஜ் கடைல பெரும்பாலான இடம் நிஜமாவே மசாஜ் தான், ட்ரெயினிங் எடுத்துட்டு வந்து உழைக்கறவங்க, அங்க போய் இளிச்சுட்டு அசிங்கமா கேக்கறது அவங்களுக்கு தினமும் நடக்கற தொல்ல. பீச்ல ஓரமா ஒண்ணுக்கு ஒதுங்கறது சம்பந்தமா நம்ம நாட்டு ஆளுங்க வீடியோ அங்க வைரல் ஆனது உங்களுக்கே தெரியும்.

பழக்கம்னு சொல்லி விக்கறது

கடைசியா இது. எல்லா "லோக்கல் கல்ச்சரும்" லோக்கல் கல்ச்சர் கிடையாது. காஞ்சனபுரில ஒரு புலிக் கோயில் இருந்துச்சு, பிக்குங்க புலியோட வாழறாங்கன்னு உலகமே போய் போட்டோ எடுத்துச்சு. 2016ல வனத்துறை உள்ள பூந்தப்போ ஃப்ரீசர்ல 40 புலிக்குட்டி செத்து கிடந்துச்சு. யானை சவாரி, கழுத்துல வளையம் போட்ட கயான் பொம்பளைங்க "கிராமம்" எல்லாத்தயும் இந்த கண்ணோட பாருங்க, அந்த கயான் ஜனங்க மியான்மர் சண்டைலேந்து தப்பிச்சு வந்தவங்க, டிக்கெட் போட்டு காட்டறது அவங்களா முடிவு பண்ணதான்னு யோசிங்க. இதுக்கெல்லாம் நீங்க வளைய வேண்டியதே இல்ல, போகாம இருக்கறதால யாரு மனசும் புண்படாது, பேக்கேஜ் டூர் ஏஜெண்ட்ட மொதல்லயே அத லிஸ்ட்லேந்து எடுக்க சொல்லிடுங்க, காசும் மிச்சம். யானைய பாக்கணும்னா மேல ஏறாம, ஷோ காட்டாம, தூர நின்னு பாக்க மட்டும் விடற இடமா கேட்டு போங்க.

இவ்வளவும் படிச்சுட்டு போனாலும் ஏதோ ஒண்ணுல கால் இடறும். யாராவது கைய நீட்டி வேணாம்னு சொன்னா, கைய கூப்பி "கோ தோட் கா", ஆம்பளைங்கன்னா "கோ தோட் க்ராப்", மன்னிச்சுடுங்கன்னு சொல்லிட்டு பண்ணிட்டிருந்தத நிறுத்துங்க. "எங்க ஊர்ல இப்படி தான்"னு விளக்கம் குடுக்க ஆரம்பிக்காதீங்க, பின்னாடி க்யூ நிக்கும்.